வழிப்போக்கரும் நகரமும்: விருந்தோம்பல் பற்றிய ஒரு தவறான தீர்ப்பு

தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்களுக்கு வழியில் முன்பின் தெரியாதவர்கள் செய்யும் உபசாரம் குறித்துத் தமிழ்நாட்டில் ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. கிராமத்தில் வெயிலில் வந்தவரை நிறுத்தி மோர் கொடுப்பார்கள், சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள், இருட்டிவிட்டால் திண்ணையில் படுக்கச் சொல்வார்கள். சென்னை எல்லைக்குள் வந்ததும் அவ்வளவும் நின்றுவிடும் என்பது அந்தக் கருத்து. அதற்கு மூன்று சான்றுகள் காட்டப்படுகின்றன. நகரத்தில் யாரும் வழிப்போக்கரை வீட்டுக்குள் அழைப்பதில்லை. எடுத்ததற்கெல்லாம் காசு கேட்கிறார்கள். திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கேட்டும் காவலாளியும் வந்தாயிற்று. மூன்றும் கண்கூடு. ஆனால் அவற்றை வைத்து நகரத்தாருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று முடிவு கட்டுவது பிழை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அறியாதவரை உபசரிக்கும் வழக்கம் அழிந்துவிடவில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கும் பொது நிறுவனங்களுக்கும் அது இடம் மாறியிருக்கிறது. அது தடுமாறும் இடங்களில் குறைவது மனம் அன்று, ஏற்பாடு.

கருத்து பிறந்த வழி

இந்தக் கருத்துக்கு அடித்தளம் பயணிகள் சொல்லும் கதைகள். 1963இல் அயர்லாந்திலிருந்து தனியாக சைக்கிளில் புறப்பட்டு டெல்லி வரை வந்த டெர்வ்லா மர்ஃபியின் நூல் இவ்வகை எழுத்தில் பெயர்பெற்றது. ஆப்கானிஸ்தானத்து மலையூர்களில் அவருக்குக் கிடைத்த உபசாரமே அந்நூலின் வாசகர் மனதில் தங்குகிறது. நம் சாலைகளில் போய்வந்தவர்களும் குக்கிராமத்தில் சாப்பிட்ட கூழைத்தான் நினைவுகூர்கிறார்கள். கதைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றைக் கொண்டு கிராமத்தையும் நகரத்தையும் எடைபோட முடியாது. பயணி இரண்டு இடங்களிலும் ஒரே நிலையில் வந்து நிற்பதில்லை.

கிராமத்துக்கு வரும்போது அவர் களைத்திருக்கிறார். தண்ணீர் தீர்ந்திருக்கிறது. லாட்ஜ் கிடையாது, இருக்கும் ஒரு கடையும் மூடியிருக்கலாம். கேட்டே ஆகவேண்டிய நிலை. சென்னைக்கு வரும்போது முன்பதிவு செய்த அறை இருக்கிறது, செல்பேசியில் வரைபடம் இருக்கிறது, தெருவுக்குப் பத்துக் கடைகள் திறந்திருக்கின்றன. அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்கப்படாத நகரம் கொடுக்க மறுத்தது என்று பிறகு எழுதப்படுகிறது.

வேறொரு வேறுபாடும் உண்டு. மூட்டை கட்டிய சைக்கிளோடு ஒருவர் சின்ன ஊருக்குள் நுழைந்தால் அன்றைக்கு அதுதான் செய்தி. பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் “எங்கேருந்து வர்றீங்க, சைக்கிள்லயேவா?” என்று பேச்சுக் கொடுப்பார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக மோர் வரும். தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அதே சைக்கிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் கணக்கற்ற வெளியூர்க்காரர்கள் நடமாடும் தெருவில் புதியவரைக் காட்சிப்பொருளாக்காமல் விடுவது மரியாதையின் ஒரு வகை. தனியாகப் போகும் பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி. வேடிக்கை பார்ப்பதையும் அன்பையும் ஒன்றாகக் கருதுகிறவர்களுக்கே நகரத்தின் மௌனம் அலட்சியமாகத் தெரிகிறது.

ஒரு நாளின் தேவைகள்

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பயணி மயிலாப்பூரிலிருந்து ராமகிருஷ்ண மடம் சாலை, மந்தைவெளி, திரு.வி.க. பாலம், அடையாறு, எல்.பி. சாலை வழியாகத் திருவான்மியூரை அடையலாம். அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 50 கி.மீ., புதுச்சேரி சுமார் 150 கி.மீ. சுமையோடு மிதிக்கிறவருக்கு ஒரு நாளில் 80 முதல் 100 கி.மீ. போவதே நல்ல உழைப்பு. கோடையில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் உள்ளே போகவேண்டும். அவருடைய ஒரு நாளில் ஏழு தேவைகள் எழுகின்றன: தண்ணீர், சாப்பாடு, காற்றடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் இடம், நிழல், வழி, கழிப்பறை, இரவில் படுக்கை. உபசாரம் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த ஏழையும் வைத்தே சோதிக்கவேண்டும். வீட்டுக்குள் அழைத்தார்களா என்ற ஒரே கேள்வியை வைத்துச் சோதிப்பது நியாயமாகாது.

தண்ணீரில் நகரம் தோற்கவில்லை. டீக்கடை வாசலில் டம்ளரோடு வைத்திருக்கும் தண்ணீரை எடுத்துக் குடிக்க டீ வாங்கவேண்டியதில்லை. ஓட்டலில் காலி பாட்டிலை நீட்டினால் நிரப்பித் தருகிறார்கள். சித்திரை பிறக்கும் முன்பே ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், கட்சிக் கிளைகள், வியாபாரிகள், கோயில்காரர்கள் எனப் பலரும் தண்ணீர்ப்பந்தல் போடுகிறார்கள். மண்பானைத் தண்ணீரும் நீர்மோரும் தர்பூசணித் துண்டும் கேட்பவர் யாரென்று பாராமல் கொடுக்கப்படுகின்றன. வழி கேட்டால் ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்கி வந்து சொல்கிறார், எந்தச் சாலை ஒருவழி, எந்தத் திருப்பம் அடைப்பு என்பது உட்பட. மரத்தடிப் பஞ்சர் கடைக்காரர் நெடும்பயண சைக்கிளின் மெல்லிய வால்வுக்குத் தம் பம்பு பொருந்தாவிட்டாலும் கையிலிருப்பதைக் கொண்டு ஒரு வழி பார்க்கிறார். நிழலுக்குப் பெசன்ட் நகர் மரங்களும் மயிலாப்பூர்க் குளக்கரையும் இருக்கின்றன. ஏழில் நான்கு இப்படிக் கிடைத்துவிடுகின்றன. சாப்பாட்டைத் தனியாகப் பேசவேண்டும். இரண்டாவது சான்றான காசு அங்கேதான் வருகிறது.

காசும் உபசாரமும்

காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது வியாபாரம், அதை உபசாரத்தில் சேர்க்கக்கூடாது என்பார்கள். அந்த வரையறையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நகரம் தோற்பதில்லை.

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா. அன்று மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் வரிசையாகப் பந்தல்கள் எழும்பும். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம், பானகம், நீர்மோர் எனக் காலையிலிருந்து இரவு வரை கைக்குக் கை போய்க்கொண்டே இருக்கும். கொடுப்பவர் வாங்குபவரின் முகத்தைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு வழியெங்கும் தண்ணீரும் உணவும் கிடைக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்து வேளாங்கண்ணிக்கே சென்னையிலிருந்து கால்நடையாகப் போகிறவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை பல தலைமுறைகளாகத் தாங்கி வருகிறது.

டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் அமைப்பு இன்னும் தெளிவான சான்று. பிரிவினையில் சிந்துவை விட்டு அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் அதை நிறுவினார். அங்கே சமைக்கும் இஃப்தார் உணவு பல பத்தாண்டுகளாக ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போகிறது. ஊரிழந்து வந்தவர் வேற்று மதத்தாருக்கு, அவர்களுடைய தொழுகையிடத்திலேயே, சொந்தச் செலவில் உணவு பரிமாற வழிசெய்திருக்கிறார். நோன்பு திறக்க அங்கே வந்து உட்காரும் வழிப்போக்கரை யாரும் எழுப்புவதில்லை.

ஆண்டு முழுவதும் நடப்பவையும் உண்டு. 2002இல் தமிழக அரசு தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டம் கபாலீசுவரர் கோயிலிலும் நடக்கிறது. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் முதன்முதலாகத் தொடங்கி வைக்கப்பட்ட இடம் சாந்தோம். இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று விலை வைத்தார்கள். இந்த விலையில் இலாபம் இல்லை. சாப்பிடுகிறவர் பிச்சை வாங்கியதாக உணராமல் இருக்கவே அந்தச் சில்லறை. கட்டட வேலைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் வெளியூர்ப் பயணியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கொடுப்பவருக்கு நன்றி சொல்லவேண்டிய கட்டாயமில்லாத சோறு, வீட்டுச் சோற்றைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததன்று.

வீடும் சத்திரமும்

முதல் சான்று வீட்டு வாசலைப் பற்றியது. விருந்தோம்பல் இல்லறத்தின் கடமை, திருக்குறளிலும் அந்த அதிகாரம் இல்லறவியலில்தான் வருகிறது, ஆகவே வீடு திறக்காத ஊர் விருந்தோம்பும் ஊராகாது என்பது வாதம். தமிழ் மரபில் பாதியை விட்டுவிட்டால்தான் இந்த வாதம் நிற்கும். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஏந்தியவள் பசித்தவர்க்குச் சோறிட்டது ஒரு வீட்டிலன்று. புகார் என்னும் துறைமுக நகரத்தின் பொது அம்பலமான உலக அறவியில் அது நடந்தது. பின்பு அரசனிடம் அவள் கேட்டுப் பெற்றதும் சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றும் வரமே. அந்நியருக்கு உணவளிக்கும் இடம் நகரத்தின் பொதுவிடம் என்ற எண்ணம் தமிழுக்குப் பழையது.

நடைமுறையிலும் அப்படியே. வீட்டு விருந்து உறவினருக்கும் அறிமுகமானவருக்கும். வழிப்போக்கருக்குச் சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி, சாலையோர மரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவுமே இன்றும் நினைக்கப்படுகிறார். தஞ்சை மராட்டியர் இராமேசுவரம் போகும் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் உணவோடு கல்விக்கும் இடம் இருந்தது. இவை யாருடைய தற்செயலான இரக்கத்தையும் நம்பி நடக்கவில்லை. நிலம் எழுதிவைத்து, வருமானம் குறித்து, ஆள் நியமித்து நடத்தப்பட்டன.

சென்னைக்குள்ளேயே இதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைக்குப் போகும் யாத்திரிகர்கள் ஆற்றில் இறங்கி அவதிப்படாமல் கடக்கவேண்டும் என்று சொந்தப் பணத்தில் கட்டினார். மலைக்குப் படிகளும் அமைத்து, பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கினார். பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் அதற்கான கல்வெட்டு பாலத்தருகே வைக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் எத்தனை பேரை வீட்டுக்கு அழைத்தார் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அவர் முகமறியாத தலைமுறைகள் நனையாமல் ஆற்றைக் கடந்தன. இதற்கு உபசாரம் என்ற பெயரை மறுப்பவர், அந்தச் சொல்லை வாழையிலைக்குள் அடைத்துவிடுகிறார்.

திண்ணையின் கேள்வி

மூன்றாவது சான்று திண்ணையைப் பற்றியது. கிராமத்து உபசாரத்தைப் புகழும்போது விட்டுப்போகிற ஒன்று உண்டு. திண்ணையில் உட்காரச் சொல்லும் முன்பு “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி நேராகவோ சுற்றிவளைத்தோ வரும். பதிலைப் பொறுத்து மோர் சொம்பில் வரும், தனி டம்ளரில் வரும், அல்லது வராமலே போகும். இரட்டை டம்ளர் முறை தமிழ்நாட்டு டீக்கடைகளில் அண்மைக் காலம் வரை பதிவாகியிருக்கிறது. விலையுயர்ந்த சைக்கிளில் தலைக்கவசம் அணிந்து வரும் நகரத்துப் பயணிக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அவருடைய உடையே பதிலாகிவிடுகிறது. அவருக்குக் கிடைத்த வரவேற்பு எல்லா வழிப்போக்கருக்கும் கிடைப்பதாக எழுதுவது உண்மைக்குப் புறம்பானது.

நகரமும் இந்தக் கறை இல்லாமல் பிறக்கவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பிறகே அச்சொல் போனது. இன்று சென்னை ஓட்டலில் யாரும் யாருக்கும் அருகே அமர்ந்து சாப்பிடலாம் என்றால், அது இயல்பாக வந்த நாகரிகமன்று, போராடிப் பெற்றது. சாதி பாராமல் பசித்தவர் எல்லோருக்கும் சோறிட 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரும் சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்தவர். கேள்வி கேட்காத உபசாரம்தான் அந்நியருக்கு வேண்டியது. அதை உருவாக்கியதில் இந்த நகரத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கிராமத்து மனிதர்கள் காட்டும் அன்பைக் குறைத்துச் சொல்ல இது காரணமாகாது. இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கும் ஏழைக் குடும்பத்தின் ஈகைக்கு ஈடு இல்லை. அந்த ஈகையை எடுத்துக்காட்டி நகரத்தை இழிவுபடுத்துவதே மறுக்கவேண்டியது.

வந்தவர்களே வரவேற்றவர்கள்

தென் சென்னையில் விருந்தளித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் அவர்களில் பலர் தாங்களே வெளியூர்க்காரர்கள். உஸ்கான் ஆர்மீனியர், ரத்தன்சந்த் சிந்தி. 1893இன் தொடக்கத்தில் பெயர் அறியப்படாத துறவியாக இந்தியா முழுவதும் சுற்றிவந்த விவேகானந்தருக்குச் சாந்தோமில் இடம் கொடுத்தவர் மன்மதநாத பட்டாச்சாரியா, கணக்குத் துறை அதிகாரியாக இங்கே பணியாற்றிய வங்காளி. அவருக்கும் துறவிக்கும் இடையே பயணத்தில் ஏற்பட்ட பழக்கம்தான் இருந்தது. அந்த வீட்டில் துறவியைச் சந்தித்த உள்ளூர் இளைஞர்கள், பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் தலைமையில் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டிச் சிகாகோ பயணத்துக்கு வழிசெய்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ராமகிருஷ்ணானந்தர் சென்னையில் தொடங்கிய மடம் 1907இல் மயிலாப்பூருக்கு வந்தது. சைக்கிள் பயணி தெற்கே போகும் சாலை அந்த மடத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

தியாகராய நகரே வந்தவர்களால் ஆனது. 1920களில் மாம்பலத்தில் ஏரி இருந்த நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய குடியிருப்பில் மாவட்டங்களிலிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள் குடியேறினார்கள். எல்லோரும் எங்கிருந்தோ வந்த ஊரில் அந்நியர் என்ற நிலை யாருக்கும் புரியாததன்று. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு கரை உடைத்துக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது அந்தப் புரிதல் வெளிப்பட்டது. மேடான பகுதிகளில் இருந்தவர்கள் தங்கள் வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்று முகவரியோடு பொதுவில் அறிவித்தார்கள். கல்யாண மண்டபங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திறந்தன. மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து முன்பின் அறியாதவர்களை மீட்டார்கள். பூட்டிய கேட்டுகளைக் காட்டி ஈரமில்லை என்று சொல்பவர்கள் அந்த வாரத்தை விளக்கவேண்டும். ஒரே வாரத்தில் மனித இயல்பு மாறுவதில்லை. யாருக்கு என்ன தேவை, யாரிடம் இடம் இருக்கிறது என்ற தகவல் அப்போது இருபுறமும் ஓடியது. கதவுகள் அதனால் திறந்தன.

குறை எங்கே இருக்கிறது

ஏழில் இரண்டு மீதி: கழிப்பறை, படுக்கை. இவற்றோடு சாலையையும் சேர்க்கவேண்டும். இங்கேதான் நகரம் உண்மையில் தவறுகிறது.

தனியாக வரும் பெண் பயணிக்கு மோர் கிடைப்பதைவிடச் சுத்தமான, பூட்டக்கூடிய கழிப்பறை கிடைப்பது முக்கியம். அது எல்லா இடத்திலும் இல்லை. படுக்கை விஷயத்தில் வீட்டுப் பரப்பு சிறியது, வாடகை பெரியது. இரண்டு அறைகளில் ஐந்து பேர் வாழும் குடும்பம் ஆறாவது ஆளுக்குப் பாய் விரிக்க இயலாததை மனக்குறுக்கம் என்று சொல்வது அநியாயம். அடுக்ககத்தில் யார் வந்து தங்கினாலும் சங்கத்துக்குச் சொல்லவேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். இத்தனை தடைகளுக்கு நடுவிலும் வீட்டில் இடம் கொடுக்க முன்வருவோர் உண்டு. சைக்கிள் பயணிகளையும் இலவசமாகத் தங்கவைப்போரையும் உலகெங்கும் இணைக்கும் வார்ம்ஷவர்ஸ் அமைப்பு 1993 முதல் இயங்கிவருகிறது. ஒருவரையொருவர் நம்ப வழி செய்தால் நகரத்து வீடும் திறக்கும் என்பதையே அதன் அனுபவம் காட்டுகிறது.

சாலையில் பொறுப்பு இன்னும் வெளிப்படையானது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிடப்படவேண்டும் என்கிறது. 2019இல் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதை, மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்குச் சான்று. ஆனால் அங்கிருந்து அடையாறு வரை தொடர்ச்சியான சைக்கிள் பாதை இல்லை. பேருந்துக்கும் வடிகால் மூடிக்கும் நடுவே மிதிக்கிற பயணி நகரத்தைக் கொடியது என்று உணர்வதில் வியப்பில்லை. அந்தக் கொடுமை வந்தது திட்டத்திலிருந்து.

2020 ஊரடங்கு இதை வேதனையோடு உறுதிசெய்தது. கூலி நின்று, வாடகை கட்ட வழியில்லாமல், ஒடிசாவுக்கும் பிகாருக்கும் சென்னையிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பிய தொழிலாளர்கள் அக்காலத்தின் நெடுந்தூரப் பயணிகள். தன்னார்வலர்கள் சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்தார்கள். அன்பு இருந்தது. அவர்களை இங்கேயே நிறுத்திவைக்கக்கூடிய கூலி உத்தரவாதமும் தங்குமிடமும் போதுமான அளவில் இல்லை. தனிமனிதர் கருணை ஒரு வேளைப் பசியைத் தீர்த்தது. 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தைத் தடுக்க அதனால் முடியவில்லை.

நகரத்தாருக்கு ஈரமில்லை என்ற தீர்ப்பின் பெரிய தீங்கு இதுதான். அது குடிமக்களின் நெஞ்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, கழிப்பறை கட்டாதவர்களையும் கொள்கையை ஏட்டில் விட்டவர்களையும் தப்பவிடுகிறது. மனத்தைத் திருத்த வழி தேடுவோர் உபதேசத்தோடு நின்றுவிடுவார்கள். ஏற்பாட்டைத் திருத்தும் வழிகளோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை தடைபடாத சைக்கிள் பாதை வேண்டும். பூங்காக்களிலும் மாநகராட்சிக் கட்டடங்களிலும் பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தும் கழிப்பறைகளும் குடிநீர்க் குழாய்களும் வேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மடம் ஆகியவற்றின் கட்டடங்களில் நடந்தும் மிதித்தும் வருகிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஓரிரவு படுக்கவும் சைக்கிளைப் பூட்டிவைக்கவும் இடம் வேண்டும். வீட்டில் இடம் தர விரும்புவோருக்கு அரசுப் பதிவு எளிதாகவேண்டும். சத்திரம் கட்டியவர்களும் பாலம் கட்டியவரும் செய்தது இதே வேலை. தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் ஏற்கெனவே தெருவில் இருக்கிற நகரத்தில் மீதியையும் நிறுவுவது மாநகராட்சியின் கடமை, அறநிலையங்களின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை.